மலிவு விலை ஏர்பிரஷ்: முதன்முறை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக் மாடல் கிட், மினியேச்சர், பழைய கொலு பொம்மைக்குப் புது வண்ணம் என்று எதற்காக ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் பேனா போன்ற கருவி) வாங்கினாலும், முதல் தவறு பட்ஜெட் போடும்போதே நடந்துவிடுகிறது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஏர்பிரஷ்ஷில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு எந்தக் கம்ப்ரசர் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 130 என்ற மாடல் எண்ணோடு பல பெயர்களில் விற்கும் சாதாரண ஏர்பிரஷ்கூட, சீரான காற்றும் சரியாகக் கரைத்த பெயின்ட்டும் கிடைத்தால் நன்றாகவே அடிக்கும். ஈரக் காற்று துடித்துத் துடித்து வந்தால் விலை உயர்ந்த ஜப்பான் ஏர்பிரஷ்ஷாலும் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் இது இன்னும் முக்கியம். இங்கே வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் காற்றில் உள்ள ஈரம், மீதியில் பெரும்பகுதிக்கு வெயில்.

வாங்கும்போது

‘நாசில் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நுணுக்கம்’ என்று நம்பி, நாசில் எனப்படும் பெயின்ட் வெளிவரும் துளை 0.2 மி.மீ. உள்ளதை வாங்குவது பரவலான தவறு. 0.2-இல் அக்ரிலிக் பெயின்ட் நொடிக்கு நொடி அடைக்கும். தொடக்கக்காரர் பாதி நேரம் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். 0.3 மி.மீ. போதும். அதிலேயே பென்சில் கோடு அளவுக்கு மெல்லிய கோடு வரும். பிரைமரும் (அடிப்பூச்சு) வார்னிஷும் அதிகம் அடிப்பவர், பெரிய பொம்மைகள் செய்பவர் 0.5 எடுக்கலாம்.

அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயின்ட் வரும் டூயல் ஆக்‌ஷன், மேலே கப் உள்ள கிராவிட்டி ஃபீட் இரண்டையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சிங்கிள் ஆக்‌ஷன் பழக எளிது என்பார்கள். ஆனால் அதில் அழுத்தினால் காற்றும் பெயின்ட்டும் ஒன்றாகவே வரும். பெயின்ட் அளவை மாற்ற ஒவ்வொரு முறையும் நின்று திருகைத் திருக வேண்டும். கீழே பாட்டில் தொங்கும் சைஃபன் வகைக்குக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும், பெயின்ட்டும் வீணாகும்.

ஹோஸ் மரையைப் பார்க்காமல் வாங்கிவிட்டுக் கடை கடையாக அலைவது இன்னொன்று. பெரும்பாலான ஏர்பிரஷ்களின் அடியில் இருப்பது 1/8 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை. கம்ப்ரசர் பக்கம் 1/8-ஆகவும் இருக்கும், 1/4-ஆகவும் இருக்கும். பேட்ஜர், பாஷே போன்ற அமெரிக்க பிராண்டுகளின் மரை வேறு. 1/4-இலிருந்து 1/8-க்கு மாற்றும் பித்தளை அடாப்டர் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கையில் ஹோஸை எடுத்துக்கொண்டு போங்கள்.

பொருள் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பின்மூடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, ஊசியைப் பின்பக்கமாக மெல்ல உருவுங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தாமல், சுழற்றிக்கொண்டே இழுத்துப் பாருங்கள். கோடு கிழித்தால் முனை வளைந்திருக்கிறது. மலிவு விலைப் பொருளில் பெட்டியிலிருந்தே இப்படி வருவதுண்டு. வளைந்த முனையோடு அடித்தால் பெயின்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும், நாசிலின் உள்வாயும் கீறும். வாங்கும்போதே அதே மாடலுக்கான ஊசியும் நாசிலும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. ஒரு கம்பெனியின் ஊசி மற்றொன்றின் நாசிலில் அளவு ஒன்றாக இருந்தாலும் சரியாக உட்காராமல் போகலாம்.

கம்ப்ரசர்

ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே மாட்டும் சார்ஜ் பேட்டரி கம்ப்ரசரைப் பார்த்துப் பலர் ஆசைப்படுகிறார்கள். பழகிப் பார்க்க ஆகும். ஆனால் பெரும்பாலும் அதில் அழுத்தத்தைத் துல்லியமாக வைக்க ரெகுலேட்டர் இருக்காது, காற்று விட்டு விட்டு வரும், ஈரம் பிரிக்க இடமே இல்லை. வாகன டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்ப் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல, சீக்கிரமே சூடேறும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைக் கழற்றிச் செய்யும் அமைப்பு சத்தம் குறைவுதான், ஆனால் காற்றோடு ஆயிலும் ஆவியாக வரும். சேஃப்டி வால்வ் இல்லாத டேங்க்கோடு அதை இணைப்பது உயிருக்கே ஆபத்து.

தேவையானது 3 லிட்டர் டேங்க், ரெகுலேட்டர், ஈரம் பிரிக்கும் கிண்ணம் மூன்றும் உள்ள ஆயில் இல்லாத பிஸ்டன் கம்ப்ரசர். ஏஎஸ்-186 என்ற மாடல் எண்ணில் கிடைப்பது இந்த வகைதான். காற்றழுத்தம் 3 பாருக்குக் (பார் என்பது அழுத்த அளவு) கீழே இறங்கினால் தானாக ஓடி, 4 பாரில் தானாக நிற்கும். டேங்க் இருப்பதால் காற்று துடிக்காது, மோட்டாருக்கும் ஓய்வு கிடைக்கும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குச் சத்தம் தொடர்ந்து கேட்காது என்பதும் ஒரு வசதி. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 230 வோல்ட்தானா என்று பார்த்து வாங்குங்கள். 110 வோல்ட் பொருளை இங்கே பிளக்கில் சொருகினால் மோட்டார் எரியும்.

இனி ஈரம். 4 பார் அளவுக்கு அழுத்தும்போது, வெளியில் ஐந்து பங்கு இடத்தில் பரவியிருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. அதிலிருந்த ஈரமும் அதே இடத்துக்குள் வந்துவிடுகிறது. சென்னையில் 75 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அந்தக் காற்று டேங்க்குக்குள் ஆறி அறையின் வெப்பத்துக்கு வந்ததும், உள்ளே இருக்கும் ஈரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீராக இறங்கிவிடும். மணிக்கணக்கில் அடித்தால் டேங்க் அடியில் தண்ணீர் தேங்குவது இதனால்தான். டேங்க்கின் அடியில் ஒரு திருகு இருக்கும். வேலை முடிந்ததும் காற்றை இறக்கி, திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். அந்தத் திருகு இருப்பதே தெரியாமல் பல மாதம் ஓட்டுகிறார்கள். டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது.

ரெகுலேட்டரோடு வரும் கிண்ணம் மட்டும் இந்த ஊருக்குப் போதாது. தொடர்ந்து அடிக்கும்போது காற்று சூடாகவே அதைக் கடந்துவிடும். ஹோஸில் போகும் வழியில் ஆறி, அங்கே நீர்த்துளியாக மாறும். பிறகு அடித்து முடித்த பளபளப்பான பரப்பின் மேல் ஒரே ஒரு சொட்டு தெறித்து வட்டமாகக் குழி விழும். எனவே 3 மீட்டர் ஹோஸ் வாங்கி, ஏர்பிரஷ்ஷுக்கு அருகில் இரண்டாவதாக ஒரு சிறிய மாய்ஸ்ச்சர் டிராப் (ஈரம் பிரிப்பான்) மாட்டுங்கள். நீளமான ஹோஸில் காற்று ஆறிவிடுவதால் அந்த இரண்டாவது டிராப் உண்மையிலேயே வேலை செய்யும். முடிந்தால் கம்ப்ரசரை ஏசி ஓடும் அறையில் வைத்து, ஹோஸை மட்டும் வெளியே கொண்டுவரலாம். உள்ளே இழுக்கும் காற்றே உலர்ந்ததாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் பெயின்ட் (வேகமாக ஆவியாகும் தின்னரில் கரையும் வகை) அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் படியும். கறுப்பு நிறம் வெண்மை பூத்துப் போகும். மறுபடி பெயின்ட் அடித்து மூடப் பார்க்காதீர்கள். வறண்ட நாளில் லெவலிங் தின்னரை (மெதுவாக ஆவியாகும் லாக்கர் தின்னர்) மட்டும் மெல்லிய பனியாக ஒரு முறை அடித்தால் பெரும்பாலும் வெண்மை மறையும்.

பெயின்ட்டைக் கரைப்பது

பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றுவதும், எல்லாவற்றையும் தண்ணீரில் கரைப்பதும் சம அளவு கெடுதல். பதம் பார்க்கும் வழி இது: கப்பின் உள்சுவரில் குச்சியால் கொஞ்சம் பெயின்ட்டை இழுத்துவிடுங்கள். பால் போல வழிந்து, பின்னால் மெல்லிய நிறத் திரையை விட்டுச் சென்றால் சரி. திட்டாக ஒட்டி நின்றால் கெட்டி. ஒன்றும் ஒட்டாமல் ஓடினால் தண்ணி.

டாமியா கம்பெனியின் அக்ரிலிக் ஆல்கஹால் சேர்ந்தது. ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னரோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ சேர்க்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்பதும் இந்த ஆல்கஹால்தான். ஆனால் அதையே வயேஹோ (Vallejo) கம்பெனியின் அக்ரிலிக் பெயின்ட்டில் ஊற்றினால் தயிராகத் திரண்டு நாசிலில் உறைந்துவிடும். அதற்கு அதன் சொந்தத் தின்னர்தான் வேண்டும். டியூபில் வரும் ஓவிய அக்ரிலிக்கை வைத்துக் கொலு பொம்மை அடிப்பவர்கள், மூன்று பங்குக்குக் குறையாமல் கரைப்பான் சேர்த்து, தனிக் கிண்ணத்தில் கலந்து, பழைய நைலான் சாக்ஸ் துணியில் வடிகட்டிய பிறகே கப்பில் ஊற்ற வேண்டும். கப்புக்குள்ளேயே கலக்கினால் கரையாத கட்டி நேராக நாசிலுக்குப் போய் அடைக்கும். அளக்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 2 மில்லி சிரிஞ்ச் போதும். தண்ணீர் சேர்ப்பதானால் போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போதே கோடு மெலிந்து நின்று, பின்பு திடீரென்று கொட்டும். புதியவர்கள் உடனே காற்றழுத்தத்தை ஏற்றுவார்கள். அதனால் முனை இன்னும் வேகமாகக் காயும். செய்ய வேண்டியது வேறு: ஒரு கப்புக்கு காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் அல்லது ஃப்ளோ இம்ப்ரூவர் ஒன்றிரண்டு சொட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை தின்னரில் நனைத்த பட்ஸால் முனையைத் துடைப்பது, மதியத்தை விட்டுவிட்டுக் காலையில் அடிப்பது. ரிடார்டருக்குப் பதில் கிளிசரின் சேர்ப்பவர்கள் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பெயின்ட் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். அப்புறம், சீலிங் ஃபேன். புழுக்கத்தில் அதை நிறுத்த மனம் வராது, ஆனாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பெயின்ட் பொருளைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்து, பரப்பு மணல் தாள் போலச் சொரசொரப்பாகிவிடும்.

அழுத்தமும் விரலும்

ரெகுலேட்டர் மீட்டரை ட்ரிகர் அழுத்தாமல் பார்த்துவிட்டு 20 பி.எஸ்.ஐ. என்று நம்புகிறார்கள். அழுத்தியதும் அது 15-க்கு இறங்கலாம். காற்றைத் திறந்து வைத்துக்கொண்டே அளவை வையுங்கள். பொதுவான வேலைக்கு 15 முதல் 20, நுண்கோட்டுக்கு 10-12, பிரைமருக்கு 25 வரை போதும்.

ட்ரிகர் வரிசை: முதலில் காற்று, பிறகு பெயின்ட், முடிக்கும்போது பெயின்ட்டை நிறுத்தி, கடைசியாகக் காற்று. காற்றையும் பெயின்ட்டையும் ஒன்றாக நிறுத்திவிட்டால் முனையில் ஒரு சொட்டு தங்கி, அடுத்த முறை முதல் புள்ளியாகத் தெறிக்கும். முதல் சில நாள் பெயின்ட்டைத் தொடவே வேண்டாம். தண்ணீர் கலந்த ஃபவுன்டன் பேனா இங்க்கை ஊற்றிப் பழைய பேப்பரில் புள்ளி, கோடு, மெல்ல மங்கும் நிழல் என்று பழகுங்கள். இங்க் அடைக்காது. கோளாறு வந்தால் கை சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

புள்ளியிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய கால்கள் கிளம்பினால் பெயின்ட் தண்ணியாக இருக்கிறது, அல்லது மிக அருகில் நிறைய விட்டிருக்கிறீர்கள். கப்பில் குமிழி வந்தால் காற்று பின்வழியாக நுழைகிறது: நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்பேனரால் இறுக்கியதுதான். அரிசி அளவுள்ள அந்த நாசிலைக் கையால் திருகி, ஸ்பேனரால் மிக லேசாக ஒரு தொடுதல், அத்தோடு விட வேண்டும். குறடு கிட்டவே வரக்கூடாது.

கழுவுவது

நிறம் மாற்றும்போது: மீதியைக் கொட்டி, கப்பை டிஷ்யூவால் துடைத்து, ஐந்தாறு சொட்டுத் தின்னர் விட்டு அடியுங்கள். பின்பு முன்மூடியைத் துணியால் பொத்திக்கொண்டு மெல்ல ட்ரிகரை இழுத்தால் காற்று திரும்பிக் கப்பில் குமிழியிடும். உள்ளே ஒட்டியிருந்தது கிளம்பி வரும். தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வேலை முடிந்த பிறகு ஊசியை உருவி, தடித்த பக்கத்திலிருந்து முனை நோக்கிச் சுழற்றித் துடைக்கவும். எதிர்ப்பக்கம் துடைத்தால் முனை கொக்கியாகும்.

முழு ஏர்பிரஷ்ஷையும் இரவெல்லாம் தின்னரில் ஊறப்போடாதீர்கள். மலிவு மாடல்களில் உள்ள ரப்பர் வளையங்கள் லாக்கர் தின்னரில் உப்பிவிடும், ட்ரிகர் சிக்கும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரிலும் நேரம் கடந்து கிடக்கக்கூடாது. பித்தளையை அது அரிக்கும். நாசிலை மட்டும் கழற்றிச் சிறு மூடியில் ஊறவைக்கலாம். தரையில் அல்ல, வெள்ளைத் தட்டின் மேல் கழற்றுங்கள். கீழே விழுந்த நாசிலைக் கண்டுபிடிப்பது பாடு.

கேக் அலங்காரத்துக்கு ஏர்பிரஷ் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒன்று. பெயின்ட் ஓடியது எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு உதவாது.

மூச்சுக்கு: என்-95 மாஸ்க் துகளை மட்டுமே தடுக்கும். லாக்கர், எனாமல் தின்னர் ஆவிக்கு அது ஒன்றும் செய்யாது. 3எம் 6200 போன்ற பாதிமுக மாஸ்க்கில் 6001 ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டி, அதன்மேல் துகள் ஃபில்டரும் போட வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் கார்ட்ரிட்ஜை காற்றுப் புகாத ஜிப் கவரில் வையுங்கள். திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் கரி அறைக் காற்றிலேயே வீணாகும். தின்னர் வாசனை மாஸ்க்குக்குள் வரத் தொடங்கினால் உடனே மாற்றுங்கள். ஒரே அறையில் அடுப்போ பூஜை விளக்கோ எரிந்தால் லாக்கர் அடிக்காதீர்கள். பால்கனி, மொட்டை மாடி, அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள ஜன்னலோர மேசை போதும். அக்ரிலிக் தண்ணீரில் கரைவதாலேயே மாஸ்க் வேண்டாம் என்று நினைப்பதும் தவறுதான்: அதன் நுண்துகளும் நுரையீரலுக்குள் போகும், அங்கே என்-95 கட்டாயம்.