ஆமைக்கு மூக்கு ஒழுகினால்: முதல் நாளில் செய்ய வேண்டியவை

கடந்த ஐப்பசி மழையில், கீரை வைக்கும்போதுதான் கவனித்தேன். எங்கள் சல்கேட்டா ஆமையின் இடது மூக்குத் துளையில் கடுகளவு குமிழ் ஒன்று. மூச்சு விட்டால் உப்புகிறது, இழுத்தால் சுருங்குகிறது. தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்து ஒரு நாள் விட்டுவிட்டேன். அந்த ஒரு நாளை நீங்கள் இழக்கக் கூடாது.

ஆமைக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சுக்கு உதவும் தசை) கிடையாது. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதற்கு வராது. முதுகு ஓட்டுக்கு அடியில் இருக்கும் நுரையீரலுக்குள் சளி இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் அது நிமோனியாதான்.

படி 1: பாருங்கள், கேளுங்கள்

சாப்பிட்ட ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும், சளி மறுபடி மறுபடி வரும். கண் வீக்கம், சாப்பாட்டில் நாட்டமின்மை, மந்தம் இருக்கிறதா பாருங்கள். காதருகே வைத்தால் கொறகொறப்போ விசில் சத்தமோ கேட்கிறதா? கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மீதிப் படிகளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

படி 2: வெப்பத்தை அளந்து கூட்டுங்கள்

இதுதான் உண்மையான முதலுதவி. ஆமையால் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்தால் நோயை எதிர்க்கும் சக்தியும் படுத்துவிடும். சல்கேட்டா சகாராவின் தென் விளிம்பில் வாழும் இனம். மழைக்கால டைல்ஸ் தரை அதற்கு ஆகவே ஆகாது. கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆமையின் உயரத்தில் தெர்மாமீட்டர் வையுங்கள். வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி இருக்கட்டும். நோய் தீரும்வரை இரவிலும் எந்த மூலையும் 27 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் நல்லது. ஈரமான, தூசி பறக்கும் விரிப்பை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாள் விரியுங்கள்.

படி 3: பிரித்து வையுங்கள்

வேறு ஆமைகள் இருந்தால் தனி அறை, தனித் தட்டு. மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் மூக்குச் சளி வழியாகவே பரவும்.

படி 4: வெதுவெதுப்பான நீர்

தாடைக்கு எட்டாத அளவு வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் நிற்கவிட்டு, நன்றாகத் துடைத்துச் சூட்டில் விடுங்கள். உடம்பில் நீர் வற்றாமல் இருந்தால் சளி இளகும். மூச்சுத் திணறினால் இதைச் செய்யாதீர்கள்.

நமக்குச் சளி என்றால் வேது பிடிப்போம், தைலம் தடவுவோம், கஷாயம் வைப்போம். ஆமைக்கு அதில் எதுவும் வேண்டாம். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடவே கூடாது.

படி 5: மருத்துவரிடம்

வெப்பம் துணைதான், மருந்தாகாது. மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் போங்கள். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். மூச்சு விடும் வீடியோ, எடைக் குறிப்பு, வெப்ப அளவுகள் மூன்றையும் கொண்டுபோங்கள். அட்டைப்பெட்டியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலும் இருக்கட்டும்.

முன்பக்கத்திலிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் தனித்தனியாகத் தெரியும்; எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஊசியை வழக்கமாக முன்னங்காலில் போடுவார்கள், பின்பக்க ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால், அங்கே போட்ட மருந்து உடம்பில் பரவுமுன் வெளியேறிவிடலாம் என்பதால். ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்: ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து வேண்டாம். நாய்க்கும் மாட்டுக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் அந்த மருந்து ஆமையின் உயிரையே எடுத்துவிடும்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை என்றால், அதை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள், சிகிச்சையும் அங்கே கிடைக்க வழி உண்டு.

படி 6: முடியும்வரை விடாதீர்கள்

எங்களுடையது நான்காவது ஊசியிலேயே கீரையைத் தேடி வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவர் சொன்ன அத்தனை ஊசியையும் போட்டோம். இப்போதும் ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, காலண்டரில் எடையைக் குறித்து வைக்கிறேன்.