கூப்பர் இணைகளின் சமச்சீர்மையைச் சோதனையால் கண்டறிவது எப்படி?

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கூப்பர் இணைகளாகின்றன. ஈயம், அலுமினியம் போன்றவற்றில் இணையின் அலைச்சார்பு எல்லாத் திசைகளிலும் ஒரே குறியுடன் இருக்கும், இது எஸ்-அலை. சுமார் 92 கெல்வினில் மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் அவ்வாறு இல்லை என்பதை 1990-களில் நிறுவிய முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். இணையை உடைக்கத் தேவையான ஆற்றலைக் குறிக்கும் ஆற்றல் இடைவெளியின் அளவை அறிந்தால் போதாது, குறியையும் அளந்தாக வேண்டும்.

முதல் படி: தற்சுழற்சி. அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் தெரியும் நைட் பெயர்ச்சி (எலக்ட்ரான்களின் தற்சுழற்சியால் ஒத்ததிர்வு அதிர்வெண் இடம்பெயரும் அளவு), மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே குறைந்தால், எதிரெதிர்த் தற்சுழற்சிகள் இணைந்த ஒற்றை நிலை எனக் கொள்ளலாம். மாதிரி சூடேறாமல் காப்பது இங்கே மிக முக்கியம். ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்ற மற்றொரு மீக்கடத்தியில் பெயர்ச்சி மாறவில்லை என்று 1998-இல் வெளியான முடிவு, அது ஒரே திசைத் தற்சுழற்சிகள் இணைந்த மும்மை நிலை என்ற கருத்துக்கு இருபது ஆண்டுகள் வலுவூட்டியது; 2019-இல், மாதிரியைச் சூடேற்றிய ரேடியோ துடிப்புகளின் ஆற்றலைக் குறைத்து அளந்தபோதுதான் பெயர்ச்சி குறைவது தெரிந்தது.

இரண்டாம் படி: கணுக்கள், அதாவது இடைவெளி சுழியாகும் திசைகள். காந்தப்புலத்தின் ஊடுருவு ஆழத்தைத் தாழ்ந்த வெப்பநிலைகளில் அளக்க வேண்டும். எஸ்-அலையில் அதன் மாற்றம் அடுக்குக்குறி முறையில் மறைந்துவிடும். கோடாக நீளும் கணுக்கள் இருந்தால் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1993-இல் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் கண்டது இந்த நேர்விகிதத்தைத்தான். ஆனால் சிறிது துத்தநாகம் கலந்தாலே அது வெப்பநிலையின் இருபடியாகிவிடும் என்பதால், தூய படிகம் இல்லாமல் இந்தப் படியில் இறங்க வேண்டாம்.

மூன்றாம் படி: கணுக்களின் திசை. ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் திசையையும் ஆற்றலையும் அளக்கும் கோணம் பிரித்தறியும் ஒளியுமிழ்வு அளவீடு இதைக் காட்டும், குறியைக் காட்டாது.

நான்காம் படி: குறி. ஐபிஎம் ஆய்வகத்தில் சுவே, கிர்ட்லி குழுவினர் 1994-இல் செய்த சோதனை, என் பார்வையில், இத்துறையிலேயே மிக அழகானது. வெவ்வேறு கோணங்களில் திருப்பிய மூன்று ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகங்கள் சந்திக்கும் தளத்தின்மேல் மீக்கடத்திப் படலம் வளர்த்து, சந்திப்புப் புள்ளியைச் சுற்றி ஒரு வளையத்தைச் செதுக்கினார்கள். இணையின் அலைச்சார்பு டி-அலையாக, அதாவது 90 பாகை திரும்பினால் குறி மாறுவதாக இருந்தால், வளையத்தைச் சுற்றிவரும்போது குறி ஒற்றைப்படை முறை மாறும்; அந்த முரணை ஈடுசெய்ய வளையத்தில் தானாகவே மின்னோட்டம் எழுந்து, மீக்கடத்தி வளையத்தில் காந்தப்பாயத்தின் அடிப்படை அலகான காந்தப்பாயக் குவாண்டத்தில் சரிபாதி தோன்றும். மிக நுண்ணிய காந்தப்புலங்களையும் அளக்கும் ஸ்குவிட் நுண்ணோக்கி அந்தப் பாதியைத்தான் காட்டியது. அருகே, எல்லைகளே இல்லாத இடத்திலும் இரு படிகங்கள் மட்டும் சேரும் எல்லைகளிலும் வைத்த ஒப்பீட்டு வளையங்களில் அது தோன்றவில்லை. பின்னர், குறிமாற்றம் இரட்டைப்படையாகும்படி கோணங்களை மாற்றியபோது, சந்திப்புப் புள்ளி வளையத்திலும் அது தோன்றவில்லை. எனவே அரைக் குவாண்டத்துக்கு எல்லைகளின் வேறு இயல்புகள் காரணம் என்று வாதிட இடமில்லாமல் போயிற்று.