ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நினைவு மலர் தயாரிப்பது எப்படி?

பள்ளியில் வயதில் இளையவர் யாரோ, கணினி தெரிந்தவர் யாரோ, அவர் தலையில்தான் இந்த வேலை வந்து விழும். "டீச்சர் ஓய்வு பெறுகிறார், சின்னதாக ஒரு மலர் போட்டுவிடுங்கள்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாலை, பொன்னாடை பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு நடை நடந்தால் முடிந்துவிடும். கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து உருப்படியான நினைவுகளை வாங்குவதுதான் பெரும்பாடு.

படி 1: தேதியை உறுதி செய்யுங்கள்

அரசாங்க ஆசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு வயது இப்போது 60. அந்தப் பிறந்தநாள் பள்ளி விடுமுறையில் விழலாம், தீபாவளி வாரத்திலும் விழலாம். சிலர் விருப்ப ஓய்வில் முன்னதாகவே போவார்கள். அதனால் நீங்களே கணக்குப் போடாமல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

விழாவைச் சனிக்கிழமை வையுங்கள். பினாங்கில் நமக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. பக்கத்து மாநிலமான கெடாவில் வெள்ளி, சனி. சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் மாற்றலாகிப் போன ஆசிரியர்களை ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தால் ஒருவராலும் வர முடியாது.

படி 2: யாரிடம் கேட்பது?

இப்போது உள்ள ஆசிரியர்கள் மட்டும் போதாது. மாற்றலானவர்கள், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள், பயிற்சிக் கல்லூரியில் உடன் படித்தவர்கள் என்று பட்டியல் போடுங்கள். சிற்றுண்டிச்சாலை அக்காவையும் வாசலில் நிற்கும் பாதுகாவலரையும் விட்டுவிடாதீர்கள். டீச்சர் காலையில் எத்தனை மணிக்கு வருவார், யாருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் ஒருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய படங்கள் அங்கேதான் இருக்கும்.

படி 3: கேட்கும் விதம்

"டீச்சரைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால் என்ன வரும் தெரியுமா? அன்பானவர், பண்பானவர், கடமை தவறாதவர். இருபது பேரும் இதையே எழுதுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கேள்வி அப்படி.

அதற்குப் பதிலாக ஒரு காலத்தைச் சொல்லிக் கேளுங்கள். இப்போது 60 வயதாகும் ஆசிரியர் பலவற்றைப் பார்த்தவர். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூபிஎஸ்ஆர் அரசாங்கத் தேர்வு 1988இல் வந்தது, 2021இல் அதை எடுத்தே விட்டார்கள். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, பிறகு மறுபடி திரும்பின. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்பே கைப்பேசிக்குள் போய்விட்டது. "யூபிஎஸ்ஆர் கூடுதல் வகுப்பு நாட்களில் டீச்சர் எப்படி இருப்பார்?", "கூகுள் மீட்டை முதலில் திறந்தபோது என்ன ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறப்பார்கள்.

அப்படியும் "ரொம்ப நல்லவர்" என்றே பதில் வந்தால் விடாதீர்கள். ஓர் உரையாடல் இப்படிப் போகலாம்:

"நல்லவர்னா எப்படிக்கா?"

"எல்லாருக்கும் உதவி செய்வாங்க."

"உங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

"நான் புதுசா வந்தப்போ பட்டர்வொர்த்திலிருந்து ஒண்ணா ஃபெரியில போவோம். அவங்க மடியில தேர்வுத்தாள் இருக்கும். திருத்திக்கிட்டே எனக்கு அன்னைக்குப் பாடம் எப்படி எடுக்கணும்னு சொல்லித் தருவாங்க. ஒருநாள் காத்துல ஒரு தாள் பறந்து கடல்ல போயிடுச்சு. பள்ளிக்கு வந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, திரும்ப எழுத வச்சாங்க."

இதுதான் நமக்கு வேண்டியது. "உதவும் குணம்" என்று தலைப்புக்கூடத் தேவையில்லை; அப்படியே போடுங்கள்.

எழுதச் சொன்னால் பயப்படுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லி நீங்கள் எழுத்தாக்குங்கள். அவர்கள் பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றிவிட வேண்டாம். கெடு எப்போது என்று கேட்டால், உண்மையான கெடுவுக்கு இரண்டு வாரம் முந்திய தேதியைச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் மாணவர்களைத்தான் குறித்த நேரத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்!

படி 4: தொகுப்பதும் அச்சும்

ஒருவருக்கு அரைப் பக்கம் போதும். மாணவர் பெயர் வரும் கதைகளில் பெயரை எடுத்துவிடுங்கள். பழைய தலைமையாசிரியரோடு நடந்த சண்டை சுவையாக இருந்தாலும் வேண்டாம். செல்லக் கிண்டல் இருக்கட்டும். அது இல்லாத மலரை யாரும் இரண்டாம் முறை புரட்ட மாட்டார்கள்.

பெயர்களில் கவனம் தேவை. அடையாள அட்டையில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து நீங்களே தமிழில் எழுதினால் வள்ளி டீச்சர் வாலி டீச்சர் ஆகிவிடுவார். ஒவ்வொருவரிடமும் "உங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள். புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சில் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். குழுப்படத்தில் யார் யார் என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும்.

படி 5: விழா அன்று

மலரிலிருந்து மூன்று பேர் மட்டும் மேடையில் வாசிக்கட்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம். பாதுகாவலர் ஒப்புக்கொண்டால் அவரை முதலில் விடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும். அவை நீண்டுவிட்டால் வாசிப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

டீச்சர் ஏற்புரை ஆற்றி முடித்த பிறகே சாப்பாடு. மலரின் ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்துக்கும் இரண்டைக் குடும்பத்துக்கும் எடுத்து வையுங்கள். பிடிஎஃப் கோப்பை விழா முடியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். பள்ளிப் புலனக் குழுவில் டீச்சரும் இருக்கிறார்.