கனடாவுக்கு ஏறும் முன், பெட்டி கட்டுவது தவிர

அறுபத்தாறு வயதில் கொழும்பு கொட்டாஞ்சேனையை விட்டு ஸ்காபரோவில் மகன் வீட்டுக்குக் குடிபோவது வயிற்றைப் பிசையும் காரியம். விசா வந்த அன்று அழுதேன். அடுத்த மாதம் ஏறுகிறேன். இடையில் எனக்கு உதவினதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு உண்மையில் எதற்குப் பயம் என்று முதலில் பாருங்கள். குளிர், இங்கிலீஷ் என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒரு இரவு கொப்பியில் எழுதிப் பார்த்தால் கடைசி வரியில் வேறொன்று நின்றது: அங்கே செத்தால், மாதம்பிட்டிச் சேமக்காலையில் என் மனுசனுக்குப் பக்கத்தில் என்னை அடக்க மாட்டார்கள்.

பிறகு பைபிளில் தொடக்க நூல் 46ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். யாக்கோபுக்கு 130 வயது. செத்துவிட்டான் என்று நினைத்த மகன் யோசேப்பு எகிப்தில் பெரிய அதிகாரி, வண்டியும் அனுப்பியிருக்கிறான் (எங்கள் பிள்ளைகள் டிக்கெட் அனுப்புகிற மாதிரி). ஆனால் தகப்பன் ஈசாக்கை 'எகிப்துக்குப் போகாதே' என்று ஆண்டவரே ஒருமுறை மறித்திருந்தார். பயம் வராதா? கிழவர் நேரே போகவில்லை. ஈசாக்கு பீடம் கட்டின பெயேர்செபாவில் நின்று பலி ஒப்புக்கொடுத்தார். இரவில் பதில் வந்தது: பயப்படாதே, நானும் உன்னோடு வருவேன், திரும்பவும் கூட்டிவருவேன், யோசேப்பு தன் கையால் உன் கண்ணை மூடுவான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் கொப்பியின் கடைசி வரிக்கு அங்கே பதில் இருந்தது.

யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்தார். திரும்பினது பிரேதமாகத்தான், பிள்ளைகள் கொண்டுபோய் சொந்த நாட்டில் குடும்பக் கல்லறையான மக்பேலாக் குகையில் அடக்கினார்கள். இதை மறைத்துப் பிரசங்கம் வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

உங்களுக்கும் ஒரு பெயேர்செபா இருக்கும். புதிதாகப் பேர்போன கோயில் தேடி அலையாதீர்கள், தாய் தகப்பன் கூட்டிப்போன இடத்துக்கே போங்கள். எனக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை சனம் நெருக்கும். சைவர், பௌத்தர் எல்லாரும் நிற்பார்கள். அந்தோனியாரும் மொரோக்கோ போய் நோயில் விழுந்து, திரும்பும் கப்பலைப் புயல் சிசிலியில் தள்ளி, பிறந்த லிஸ்பனை விட்டுப் பதுவையில் அடக்கமானவர்தான். பயணம் குழம்பினவரிடம் பேசுவது எனக்கு லேசு.

அடையாளம் மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். பல்லி சொன்னது, மெழுகுதிரி அணைந்தது, பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொன்னா. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. 'கூட வாங்கோ' என்று கேட்டால் போதும்.

குரல் கேட்கும் என்றும் காத்திருக்க வேண்டாம். மூன்றாவது செவ்வாய், சனம் இடித்து உருகின மெழுகு கையில் ஊற்ற, எரிச்சலில் 'சரி, அங்கே செத்தால் நீங்களே பாருங்கோ' என்று சுரூபத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிரவு நித்திரை வந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையிடமும் பேசிவிடுங்கள். மறுநாள் மகனுக்குப் போன் எடுத்து, 'எனக்கு ஏதும் நடந்தால் மாதம்பிட்டிக்குக் கொண்டுவர வேண்டாம், செலவு' என்றேன். கனநேரம் சத்தமில்லை. பிறகு, "அம்மா, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டாறீங்க?" என்றான்.