புது ஆக்டிவாவும் முதல் மூன்று மாதமும்

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குத் தினமும் ஆக்டிவா 110-இல்தான் போய்வருகிறேன். புதிதாக வாங்குபவர்களிடம் நான் முதலில் பேசுவது காற்றைப் பற்றித்தான். முன் சக்கரத்துக்கு 22 பிஎஸ்ஐ, பின் சக்கரத்துக்கு 29, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. பங்க்கில் காற்றடிக்கும் தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் ஒரே அளவு ஏற்றிவிடுவார். டயர் சூடாகும் முன், காலையிலேயே அடிப்பது நல்லது.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்காதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் கூடாது. அதை நம் ஊர் சிக்னல்கள் பார்த்துக்கொள்ளும்!

முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். கையேட்டில் உள்ள கிலோமீட்டர், நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. புது எஞ்சின் பாகங்கள் உரசி உதிரும் உலோகத்தூள் முதல் ஆயிலில் கலந்திருக்கும், அதைத்தான் இந்த சர்வீஸில் மாற்றுவார்கள். கூலி இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு. அங்கே பாலிஷ், கோட்டிங் என்று ஏதாவது நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

அப்புறம், இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். காலியான தெருவில் பழகிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் காகிதத்தையும் பிரித்துப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது, 5 ஆண்டு. நம் வண்டிச் சேதத்துக்கானது பெரும்பாலும் 1 ஆண்டுதான்.