ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கப் போகிறீர்களா?

ஆடி பிறந்த பிறகு விதைக்கடைக்குப் போனால் கூட்டம்தான் இருக்கும், கேட்ட ரகம் இருக்காது. ஆனி நடுவிலேயே பட்டியல் போட்டுவிடுங்கள். மதுரைப் பக்கம் மாடியிலோ கொல்லையிலோ முதன்முறையாகக் காய்கறி போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள். காய்க்கிற செடி எதற்கும் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது கிடைக்காத இடமென்றால் கீரை, புதினாவோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் செடி வளர்க்கும் பைகளை எண்ணுங்கள். ஒரு பைக்கு ஒரு கத்தரி அல்லது ஒரு தக்காளி. புடலை, பீர்க்கு, பாகலுக்குப் பெரிய தொட்டியும் பந்தலும் வேண்டும். பந்தல் போட வழியில்லையென்றால் அந்த விதைகள் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, எதை எத்தனை செடி என்பது. வெண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செடி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு காய் தந்தாலே நல்ல செடி. நாலு செடி வைத்தால் சாம்பாருக்குத்தான் ஆகும், பொரியலுக்குச் சேராது. அந்தக் காயும் இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். நாலு பேர் வீட்டுக்குப் பத்துச் செடியாவது போடுங்கள். மிளகாய் மூன்று போதும், மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் அளவுக்குக் காய்க்கும்.

பட்டம் பார்ப்பதில் அவரை கறாரான செடி. பழைய கொடி அவரை பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய் வரும். சித்திரையில் ஊன்றினால் மாதக்கணக்கில் கொடிதான் ஓடும். அவசரக்காரர்கள் கொடி ஓடாத குத்தவரை (செடி அவரை) வாங்கலாம், அதற்குப் பட்டம் பார்க்க வேண்டியதில்லை. தக்காளி விதையை மட்டும் இரண்டாகப் பிரித்து, பாதியை ஆடியிலும் மீதியைக் கார்த்திகையிலும் போடுங்கள். ஐப்பசி அடைமழையில் பூ உதிர்ந்தாலும் அடுத்த தொகுதி கைகொடுக்கும்.

ரகம் என்று வரும்போது, விதை எடுத்து மறுபடி போட விரும்பினால் வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) வேண்டாம். அதன் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. நம் பக்கத்திலேயே நல்ல ரகங்கள் உண்டு. எம்.டி.யு 1 கத்தரி, கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. பெரியகுளத்தின் பி.கே.எம் 1 தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து வந்தது. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் விதை இருப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இணையத்தில் வாங்குவதும் தவறில்லை. ஆனால் உலகத்திலேயே இல்லாத நீல நிற ஸ்ட்ராபெர்ரி படம் போட்டு விற்கிற கடையில் வெண்டை விதைகூட வாங்காதீர்கள்.

பாக்கெட் கைக்கு வந்ததும் பின்பக்கத்தைப் படியுங்கள். முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் முளைப்புத்திறன் என்பது விதைச்சான்று அளவு. ஆறு தக்காளிச் செடி வேண்டுமென்றால் பன்னிரண்டு விதை போட்டால் தாராளம். ஒரு கிராமில் சுமார் முந்நூறு தக்காளி விதை இருக்கும், அதனால் பத்து கிராம் பாக்கெட்டெல்லாம் வயலில் போடும் விவசாயிகளுக்கானது. கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல். வெண்டை பெரிய விதை, ஒரு கிராமுக்குப் பதினைந்து இருபதுதான் நிற்கும். விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சாண மருந்து பூசியது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள்.

விதைக்கும் முன் ஒரு சோதனை. பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயக் கூடாது, சொட்டச் சொட்டவும் இருக்கக் கூடாது. வெண்டை ஐந்தாறு நாளில் சொல்லிவிடும். பாகல், மிளகாய்க்கு இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். பத்தில் ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் வாங்கிய இடத்தில் காட்டி மாற்றிக் கேளுங்கள். அதற்காகவே பில்லையும் பாக்கெட்டையும் நாற்று நடும் வரை எறியாமல் வைத்திருங்கள்.