நீரில் இருப்பது எந்தப் பிணைப்பு? மதிப்பெண்ணைத் தின்னும் தவறுகள்

ப்ளஸ் ஒன்னில் வேதிப்பிணைப்புப் பாடம் முடிந்து விடைத்தாள் கட்டு மேசைக்கு வரும்போதே, சிவப்பு மை எந்தக் கேள்வியில் அதிகம் செலவாகப் போகிறது என்று தெரிந்துவிடும். "நீர் மூலக்கூறில் உள்ள பிணைப்பின் வகை யாது?" அந்தக் காலத்தில் நாமெல்லாம் எழுதிய அதே தப்புகளைப் பிள்ளைகள் வரி மாறாமல் எழுதுகிறார்கள். புதிதாக டியூஷன் எடுக்க வருகிறவர்களும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்துப்பிழை, வாய்பாட்டில் 2 போட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

விடையை முதலில் சொல்லிவிடலாம். ஒரு நீர் மூலக்கூறுக்குள் இருப்பவை இரண்டு முனைவுள்ள சகப்பிணைப்புகள். ஆக்சிஜன் ஒவ்வொரு ஹைட்ரஜனுடனும் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பகிர்ந்துகொள்கிறது. சமமாகப் பகிர்வதில்லை, தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது.

அயனிப் பிணைப்பு என்று எழுதுவது

இல்லை. எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பகிர்ந்த எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், ஆக்சிஜனுக்கு 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. இந்த வித்தியாசத்துக்கு எலக்ட்ரான் ஒருபக்கம் சாயும், முழுசாகக் கைமாறாது. கைமாறினால்தான் அயனிப் பிணைப்பு.

ஹைட்ரஜன் பிணைப்பை மூலக்கூறுக்குள் வைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் தவறு. ஒரு மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனிடம் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனித்த எலக்ட்ரான் இரட்டையால் ஈர்க்கப்படுகிறதே, அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அதாவது இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவில் இருப்பது. மூலக்கூறைக் கட்டி நிறுத்துவது சகப்பிணைப்பு. இரண்டையும் குழப்பினால் போவது இந்த ஒரு மதிப்பெண் மட்டும் என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். கொதிநிலை, ஐஸ் மிதப்பது, ஆல்கஹாலின் கரைதிறன், அப்புறம் டிஎன்ஏ என்று பின்னால் வரும் எல்லாமே கூடவே சாய்கிறது.

ஒரு விடைத்தாளில் இப்படி இருந்தது: "நீரைக் கொதிக்க வைத்தால் ஹைட்ரஜன் பிணைப்பு உடைந்து, ஹைட்ரஜன் வாயு குமிழிகளாக வெளியேறும்." எழுதியது நன்றாகப் படிக்கிற பெண். அது உண்மையானால், எரிகிற கேஸ் அடுப்புக்கு மேலே அவள் வீட்டில் தினமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து கிளம்பிக்கொண்டிருக்கும். சமையலறை மிஞ்சுமா? கொதிக்கும் குமிழிக்குள் இருப்பது நீராவி, அதுவும் நீர்தான். மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் சொட்டுச் சொட்டாக நிற்பது அதே மூலக்கூறுகள்தான்.

நம்பாதவர்களுக்குக் கணக்கு. ஒரு மோல் நீர், அதாவது 18 கிராம், 100 டிகிரி செல்சியஸில் ஆவியாக ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் அனைத்தையும் உடைக்க மோலுக்கு சுமார் 463 வீதம் இரண்டு மடங்கு, 926 கிலோஜூல் வேண்டும். 41-ஐ வைத்துக்கொண்டு 926-க்கான வேலையை எப்படிச் செய்வது? ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை மோலுக்கு 20 கிலோஜூலை ஒட்டித்தான் வரும்.

இந்தக் குழப்பத்துக்குப் பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரு பள்ளி ஆய்வகத்தில் புது ஆசிரியர் ஒருவர் பந்து-குச்சி மாதிரியை வைத்துப் பனிக்கட்டியின் அமைப்பைக் கட்டிக் காட்டினார். மூலக்கூறுக்குள் போட்டதும் சாம்பல் நிறக் குச்சி, மூலக்கூறுகளுக்கு நடுவில் போட்டதும் அதே நீளத்தில் அதே சாம்பல் நிறக் குச்சி. முன்வரிசையில் இருந்த பையன், "சார், ஆக்சிஜனோட இணைதிறன் ரெண்டுதானே, எப்படி நாலு குச்சி?" என்று கேட்டான். அருமையான கேள்வி. கிடைத்த பதில்: "ஐஸ்ல அப்படித்தான்பா இருக்கும்."

அந்தக் குச்சி வேறு நிறத்தில் இருந்திருக்க வேண்டும், நீளமும் இரண்டு மடங்கை நெருங்கியிருக்க வேண்டும். சகப்பிணைப்பின் நீளம் 0.96 ஆங்ஸ்ட்ராம். பனிக்கட்டியில் ஹைட்ரஜனுக்கும் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் இடைவெளி சுமார் 1.8. தாளில் வரையும்போது சகப்பிணைப்புக்கு முழுக்கோடு, ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு ஒரே மூலக்கூறுக்குள் வந்தால், நீரைப் பொறுத்தவரை படம் தப்பு.

சகப்பிணைப்பு வலுவானது, அதனால் கொதிநிலை அதிகம் என்பது

மேலே சொன்னதன் தம்பி இது. மீத்தேனில் உள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பும் வலுவானதுதான். ஆனால் மீத்தேன் கொதிப்பது மைனஸ் 161 டிகிரியில். கொதிக்கும்போது சகப்பிணைப்பை யாரும் தொடுவதே இல்லை. நீரைத் தூக்கி நிறுத்துவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு. அதே குடும்பத்து ஹைட்ரஜன் சல்பைடில் அது மிகப் பலவீனம், மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

மூன்று அணுக்களையும் ஒரே நேர்கோட்டில் வரைவது

கோணம் 104.5 டிகிரி. இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் பிணைப்புகளை நெருக்கித் தள்ளுவதால் நான்முகியின் 109.5 குறைந்து இங்கே வந்து நிற்கிறது. நேர்கோடாக வரைந்தால் இரண்டு பக்க இழுப்பும் கார்பன் டைஆக்சைடில் போல ஒன்றையொன்று அடித்துவிடும், மூலக்கூறின் மின்சுமை இரு முனைகளாகப் பிரிந்து நிற்பதன் அளவான இருமுனை திருப்புத்திறன் சுழியாகிவிடும். நீருக்கு அது 1.85 டிபை. உப்பு கரைவதற்கான காரணத்தை அடுத்த பக்கத்தில் எழுதப்போகிற நீங்களே, இந்தப் பக்கத்தில் அதை அழித்துவிடாதீர்கள்.

ஹைட்ரஜன் இருந்தாலே ஹைட்ரஜன் பிணைப்பு என்பது

பள்ளிப் பாடத்தின் அளவில், அந்த ஹைட்ரஜன் நைட்ரஜனுடனோ ஆக்சிஜனுடனோ ஃபுளூரினுடனோ இணைந்திருக்க வேண்டும்.

ஒரு மூலக்கூறுக்கு இரண்டே ஹைட்ரஜன் பிணைப்பு என்பது

பனிக்கட்டியில் நான்கு. இரண்டு கொடுக்கும், இரண்டு வாங்கும்.

நீரிலேயே ஈதல் சகப்பிணைப்பைப் போடுவது

பகிரும் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு கொடுத்தால் அது ஈதல் சகப்பிணைப்பு. அதற்குப் போடும் அம்புக்குறியை ஹைட்ரோனியம் அயனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீர் மூலக்கூறு தன் தனித்த இரட்டையை ஒரு புரோட்டானுக்குக் கொடுக்கும்போதுதான் அது வரும். வந்த பிறகும் அந்த அயனியின் மூன்று பிணைப்புகளில் எது புதிது என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் ஒரே நீளம்.